இருபதிலிருந்து எண்பதுக்குள்

பெருமாள் மலையில் மலைவாழை லாரி ஒன்று
குறுக்கே நின்றுவிட்டதால்
நான் வில்பட்டி வந்து சேர்ந்தபோது
பையன்கள் ஓடி முடித்து
வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

மைதானம் என்றார் அமலதாஸ் சார்.
இரண்டாம் பேஸிலிருந்து மூன்றாம் பேஸுக்கு
ஒன்றரை அடி இறக்கம்.
வேலிக்கு அப்பால் கேரட்.
பந்து அங்கே போனால்
களை எடுக்கும் அக்கா நிமிராமலே திருப்பி எறிகிறார்.
நல்ல கை. ஐம்பது போடலாம்.
ஆனால் அவரைப் பார்க்க நான் அனுப்பப்படவில்லை.

பெயர் வேலப்பன்.
ஊர் பூம்பாறை, முதல் பஸ்ஸில் வந்தானாம்.
வயது பதினேழு. ஆடும் இடம் ஷார்ட்ஸ்டாப்.
எடை ஐம்பத்தெட்டு, நனைந்த சட்டையையும் சேர்த்து.

படிவத்தில் ஐந்து வரிசை:
ஓட்டம், வீச்சு, பிடி, அடி, அடியின் பலம்.
வரிசைக்கு இரண்டு கட்டம், இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று.
இருபதுக்குக் கீழே யாரும் இல்லை,
எண்பதுக்கு மேலே கடவுளும் இல்லை.
இந்த லீக் இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.
படிவம் மட்டும் அச்சாகி வந்துவிட்டது.

முதல் பேஸுக்கு நான்கு புள்ளி ஆறு விநாடி.
மறுபடி ஓடு என்றேன்.
நான்கு புள்ளி ஆறு.
முப்பத்தைந்து.
மட்டையில் பட்ட பந்து வேலி தாண்டியது.
ஏழாயிரம் அடி உயரத்தில் எல்லார் பந்தும் பறக்கும்,
பாதியைக் காற்றின் கணக்கில் எழுத வேண்டும்.
நாற்பது. பெரிய மனசு பண்ணி.
வீச்சு நேராகப் போகிறது, அவசரமில்லாமல்.
நாற்பத்தைந்து.

அப்புறம் நானே மட்டையை வாங்கி
தரையோடு உருட்டினேன்.
கிளவுஸில் வார் அறுந்த இடத்தில்
பூண்டு மூட்டை தைக்கிற சணல்.
பந்து ஒரு கல்லில் பட்டு நெஞ்சுக்கு எகிறியது.
எகிறுவதற்கு முன்பே
கிளவுஸ் அங்கே போய்க் காத்திருந்தது.
இன்னொன்று. இடப்புறம், ஒரு குழி. அங்கேயும்.
பதினாறு பந்து, பதினாறும்.

எப்படிடா?
"அந்தக் கல்லு தெரியும் மேடம்."

என் பென்சில் அங்கே நின்றது.
இது கையா,
இல்லை இந்தத் தரையோடு உள்ள பழக்கமா?
மதுரையில் போட்டிருக்கிற பச்சை விரிப்பில் கல் கிடையாது என்றேன்.
கொஞ்சம் யோசித்தான்.
"அப்ப பந்து எப்படி வரும்?"
நேராக வரும்.
"எப்பவுமேயா?"
அவன் முகத்தில் ஏமாற்றம் மாதிரி ஏதோ இருந்தது.

எதிர்ப்பக்கம் போய் நில்லு என்றேன், பழகாத மண்ணில்.
உடனே நிற்கவில்லை.
ஷூ நுனியால் அங்கங்கே கீறிக்கொண்டு
வீடு பார்க்க வந்தவனைப் போல
மெதுவாக நடந்து முடித்து, ம் என்றான்.

அதற்குள் பனி ஏறிவிட்டது.
முதலில் கேரட், பிறகு வேலி,
பிறகு முதல் பேஸில் நின்ற பையன்.
வீட்டுக்குப் போகலாம் என்றார் அமலதாஸ் சார்.
நான் இன்னும் ஐந்து அடித்தேன்.
கண்ணுக்கு ஒன்றும் இல்லை.
டப் என்று ஒரு சத்தம், உடனே காலடி,
தூரத்தில் இன்னொரு டப்.
நான்கு முறை அப்படி.
ஐந்தாவதில் வேறு சத்தம்,
"ஒண்ணுமில்ல மேடம்", உதடு கிழிந்த குரல்,
அதற்கும் பிறகு
தாமதமாக, அந்த இன்னொரு டப்.

ஒரு காலத்தில்
நானும் யாரோ ஒருவருடைய படிவத்தில் இருந்தேன்.
சாப்ட்பால், மாநில அணித் தேர்வு, இரண்டாம் பேஸ்.
வருஷங்கள் கழித்து ஒரு கோப்பில் பார்த்தேன்:
நல்ல கைகள். கல்யாணம் ஆகிவிடும்.
இரண்டும் சரிதான்.

இறங்கும் பஸ்ஸில், மடியில் அட்டை,
பிடி, இன்றைக்கு: ஐம்பத்தைந்து.
நாளைக்கு: அறுபது.
எழுதியதும் பயம் வந்தது.
நான்கு புள்ளி ஆறு ஓடுகிறவனுக்கு
யார் நாளை கொடுப்பார்கள்?
ஐம்பதாக்கலாம் என்று ரப்பரை எடுத்தேன்.
டம்டம் பாறை வளைவில் அது கைநழுவி
சீட்டுகளுக்கு அடியில் உருண்டது,
ஒரு செருப்பில் பட்டுத் திசை மாறி
ஒரு பலாப்பழத்தின் பின்னால் போய்விட்டது.
குனிந்து கை நீட்டினேன், வலது முழங்கால் மடங்கவில்லை.

அறுபது என்றே இருக்கிறது.